கழுதையின் இடது காது

எங்கள் நூலகத்தில் புத்தகத்தைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று பெரிய சார் அலுத்துக்கொள்வார். பெரிய சார் என்றால் தலைமை நூலகர். அவர் அலுத்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் வந்து வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறாள். வாசலோரம் விதைப் பெட்டி இருக்கிறது. வேண்டிய விதையை எடுத்துக்கொண்டு போய், காய்த்த பிறகு கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். எடுக்கிறவர்கள் எடுக்கிறார்கள், போடுகிறவர்களைத்தான் காணோம். பொம்மைகளை இரவல் தர ஓர் அலமாரி, சாயங்காலம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு மேசை, சனிக்கிழமை காலையில் குழந்தைகள் நேரம். நான் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருப்பவள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கை காட்டி வழி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு நாக்கு நீளம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவராவது பேச வேண்டாமா?

ஏனென்றால் கழுதை மாமா பேச மாட்டார். பெயரைக் கேட்டு ஏதோ வசவு என்று நினைக்க வேண்டாம், குழந்தைகள் ஆசையாக வைத்த பெயர். கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்வது அவர் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, பசைக் கிண்ணம், பிரஷ், துணிப்பட்டை, நூல்கண்டு, ஒட்டியதை அழுத்தி வைக்க ஒரு கனத்த இரும்புப் பலகை. முதுகு விட்டுப்போன புத்தகம், பாப்பா பக்கத்தைத் தின்ற புத்தகம், படத்திலிருக்கும் முதலைக்கு யாரோ பிஸ்கட் ஊட்டிய புத்தகம் எல்லாம் அவரிடம்தான் போகும். முதலை புத்தகத்தைப் பார்த்து அவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது அண்ணி இருந்தபோது.

அண்ணி என்று நான் சொல்வது அவர் மனைவியை. சொந்தம் ஒன்றும் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்துப் பார்த்து அவர் எனக்கு அண்ணா ஆகிவிட்டார், அவர் மனைவி அண்ணி ஆகிவிட்டார், அவர்கள் ஒரே மகள் என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். குழந்தைகள் அறை அண்ணியுடையது. அவர்கள் வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, பேசுவதெல்லாம் அண்ணி, கேட்பதெல்லாம் அண்ணா. இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணாவின் பழைய சாம்பல் நிறக் கால்சட்டையின் ஒரு காலை வெட்டி அண்ணி ஒரு கழுதை தைத்திருந்தார். உள்ளே கையை விட்டு அதன் வாயைத் திறந்து மூடலாம். கண்ணுக்கு இரண்டு பொத்தான், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. காதுகள் மட்டும் அநியாயத்துக்கு நீளம். புத்தகங்களைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிமேல் ஒரு திரையைப் போட்டுவிட்டு அண்ணி அதற்குப் பின்னால் மண்டியிட்டுக்கொள்வார். கழுதை மேலே எட்டிப் பார்த்து, ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கடைத்த குரலில் கதை சொல்லும். கழுதை தவிர வேறு யாரும் அங்கே இருப்பதாகக் குழந்தைகள் காட்டிக்கொள்ளவே மாட்டார்கள்.

ஒருநாள் ஒரு வாண்டு எழுந்து நின்று, "கதையெல்லாம் பொய்யாம். எங்கண்ணன் சொன்னான்" என்றது. அண்ணி அசரவில்லை. "கதை பொய்தான்" என்றது கழுதை. "ஆனா என் இடது காதைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா நான் பொய் சொல்ல முடியாது. சொன்னா காது அறுந்துடும்."

அன்றிலிருந்து கதை முடிந்ததும் காது நேரம் என்று ஒன்று வந்துவிட்டது. ஒருவருக்கு ஒரு கேள்வி. முன்னால் வந்து இடது காதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும், கழுதை உண்மையைச் சொல்லியாக வேண்டும். நீ குளிச்சியா? இல்லை. எங்க டீச்சருக்கு நிஜமாவே தலைவலியா? உன்னைப் பார்த்தா எனக்கே வலிக்குது. பிள்ளைகள் இழுக்கிற இழுப்பில் அந்தக் காது அவ்வப்போது கையோடு வந்துவிடும். உடனே "பொய், பொய்" என்று அறையே கூத்தாடும். அண்ணி காதைக் கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் வைப்பார். அண்ணா எதுவும் கேட்காமல் புத்தகம் தைக்கிற நூலாலேயே தைத்துக் கொடுப்பார்.

அண்ணி மழைக்காலத்தில் படுத்தார். வெயில் வருவதற்குள் போய்விட்டார்.

அண்ணா அழவில்லை. எடுத்த விடுப்பைக்கூட முழுசாக முடிக்காமல் வந்து உட்கார்ந்து பசை கலக்கினார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே எழுத்து. டீ வேணுமா அண்ணா? ம். வெளிய மழை. ம். நாளைக்கு லீவு. ம். துக்கம் என்றால் நான் புரிந்துகொள்ள மாட்டேனா? இது துக்கம் மாதிரியே இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி ஆள் மொத்தமாக மரத்துப்போயிருந்தார். விரலில் பசை காய்ந்து காகிதத்தோடு ஒட்டிக்கொண்டாலும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் போய் ஈரத்துணி வைத்துப் பிரித்துவிடுவேன். அதற்கும் ஒரு ம்.

குழந்தைகள் அறைக்குத் தற்காலிகமாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவள் நல்ல சுறுசுறுப்பு, ஆனால் திரையில் படம் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டம் குறைந்தது. அந்தக் கூட்டத்தில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி உண்டு. எல்லாவற்றுக்கும் சட்டம் பேசுவாள், அதனால் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அவள் என் மேசைக்கு வந்து, எட்டாத விளிம்பில் எம்பி முகவாயை வைத்துக்கொண்டு, "கழுதையும் செத்துடுச்சா?" என்று கேட்டாள்.

நான் கையிலிருந்த முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். கை நிறையப் புத்தகத்தோடு அந்தப் பக்கமாகப் போன அண்ணா நின்றார். புத்தகங்களை என் மேசையில் வைத்தார். குழந்தைகள் அறைக்குள் போய், அலமாரியைத் திறந்து, கழுதையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் கேட்டது. மூக்கடைத்த அதே குரல், அண்ணி இழுக்கிற இடத்தில் அதே இழுப்பு. இத்தனை வருடம் படிக்கட்டுக்கு அடியிலிருந்து இந்த மனுஷன் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காது நேரத்தில் ஒரு குழந்தை, "கதை சொல்ற ஆன்ட்டி எங்க?" என்று கேட்டது.

"செத்துட்டாங்க" என்றது கழுதை.

அடுத்த குழந்தை காதைப் பிடித்தது. "திரும்பி வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

அதற்கடுத்த குழந்தை கழுதைக்குத் தும்மல் வருமா என்று கேட்டது. வரும் என்று சொல்லித் தும்மிக் காட்டியது கழுதை. குழந்தைகள் சிரித்தார்கள். நான்தான் புத்தகத்தில் தேதியைத் தப்பாகக் குத்திவிட்டேன். மனைவி செத்துப்போனதை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

பெரிய சார் என்னிடம் வந்து, "குழந்தைங்ககிட்ட இப்படியா பட்டுனு சொல்றது?" என்றார்.

"காதைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா வேற என்ன சார் சொல்வாரு?" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் அவர் கழுதை மாமா ஆனார். சனிக்கிழமை காலை பேசுவார், அதுவும் கழுதையாக. மற்ற நேரமெல்லாம் பழைய ம்.

அவர் மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். நல்ல கெட்டிக்காரி, அண்ணியின் வாய், அண்ணாவின் மூக்கு. ஒரு மத்தியானம் என் மேசைக்கு வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, வெளியூர்ல பெரிய கண் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"நல்ல விஷயந்தானே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அப்பாகிட்ட கேட்டேன். போகட்டுமாப்பான்னு கேட்டா ம். வேண்டாமான்னு கேட்டா அதுக்கும் ம்." அவள் என் முத்திரைக் கட்டையை எடுத்து உருட்டினாள். "போன்னு சொன்னா போயிடுவேன். இருன்னு சொன்னா இருந்துடுவேன். ரெண்டுல ஒண்ணு அவர் வாயால வரணும் அத்தை. சொல்லாம கொள்ளாம போனா, அம்மாவும் போயி நானும் போயிட்டேன்னு ஆயிடும். சும்மா இருந்துட்டா, அந்த வீட்ல நானும் ஒரு நாள் ம்னு சொல்ல ஆரம்பிச்சுடுவேன்."

"நீ கோபமா கேட்டியா, சாதாரணமா கேட்டியா?"

"எல்லா விதமாவும் கேட்டுப் பார்த்துட்டேன். போன வாரம் சாப்பாட்டுல உப்பே போடலை, வேணும்னே. ஒரு வார்த்தை திட்டட்டும்னுதான். வழிச்சு சாப்பிட்டுட்டு தட்டைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டாரு. உப்புகூடத் தெரியலை அவருக்கு." கட்டையை மேசையில் வைத்தாள். "ஊர்ப் பிள்ளைங்ககிட்ட மட்டும் பேசுறாராமே. எங்கம்மா குரல்லயே பேசுறாராமே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் போனதும் நேராக மாடிப்படிக்கு அடியில் போய் நின்றேன்.

"அண்ணா, பொண்ணு வேலை விஷயமா கேட்டுக்கிட்டே இருக்காளாமே."

"ம்."

"திங்கக்கிழமை பதில் சொல்லணுமாமே."

"ம்."

"சரி. இந்த ம்முக்கு ஒரு நல்ல அட்டை போட்டு ஒட்டிக் குடுங்க. நான் கொண்டுபோய் அவகிட்ட குடுத்துடறேன்."

அவர் பிரஷைப் பசையில் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் வழித்து, ஒரு புத்தகத்தின் முதுகில் தடவினார். கல்லுளிமங்கன் என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு மகளுக்குப் போன் போட்டேன். "சனிக்கிழமை காலையில இங்க வா. பிள்ளைங்களோட பிள்ளையா உட்காரு. காது நேரம் வரும்" என்றேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நுழைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அவள் கொஞ்சம் தாமதமாக வந்தாள். கதை பாதியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் கடைசியில், கலர் பென்சில் டப்பாக்களுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணா திரைக்குப் பின்னால் இருந்தார், அவளைப் பார்க்கவில்லை. நான் என் மேசையை விட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். மேசைக்கு முன்னால் இரண்டு பேர் புத்தகத்தோடு நின்று என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

கழுதை அன்றைக்கு ஒரு தொப்பியைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் அது தன் காதிலேயே மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்தது. குழந்தைகள் முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். மகள் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி அந்தக் கழுதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது நேரம் வந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கடைசியில் அவள் கையைத் தூக்கினாள்.

"பெரியவங்க கேக்கலாமா?" என்று ஒருவன் சந்தேகம் கிளப்பினான்.

சட்டாம்பிள்ளை யோசித்தாள். "கேக்கலாம். ஆனா ஒரு கேள்விதான். காதை இறுக்கிப் பிடிக்கணும் அக்கா."

மகள் முன்னால் போய் மண்டியிட்டு இடது காதைப் பிடித்தாள். கழுதை பழக்கப்படி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள்.

ஆட்டம் நின்றது.

"நான் அந்த வேலைக்குப் போகட்டுமா?"

கழுதை அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி நின்றது. பென்சில் டப்பாவை நோண்டிக்கொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது. இவர் இப்போது ம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அந்தப் பெண் அப்புறம் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள்.

"சொல்லு கழுதை" என்றாள் சட்டாம்பிள்ளை. "காதைப் பிடிச்சிருக்காங்க இல்ல?"

"போகாத" என்றது கழுதை.

மூக்கடைத்த குரல்தான். ஆனால் இழுப்பு இல்லை.

"நீ வரும்போது செருப்பைக் கழட்டி விடுற சத்தம் கேக்கும். அது கேட்டாதான் எனக்குச் சாயங்காலம் ஆச்சுன்னு தெரியுது. மத்த எதுவும் தெரியலை." வாய் மூடித் திறந்தது. "உப்பு தெரிஞ்சுது. போடலைன்னு நாக்குக்குத் தெரிஞ்சுது. சொல்ல வாய் வரலை."

மகள் காதை விடவில்லை. அவள் தோள் மட்டும் ஏறி இறங்கியது.

அப்போது திரை நகர்ந்தது. வண்டிக்குப் பின்னாலிருந்து அண்ணா எழுந்து நின்றார். கதை சொல்கிறவர் அப்படி எழுந்து நின்றதே இல்லை, அண்ணி காலத்திலும் கிடையாது. குழந்தைகள் அண்ணாந்து பார்த்தார்கள். கையில் கழுதை, கழுதையின் காதில் மகள், அப்படியே நின்றார்கள் இருவரும்.

"கழுதை சொன்னது நிஜம்" என்றார். அது அவர் சொந்தக் குரல். ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி கரகரத்தது. "ஆனா நீ போயிட்டு வா. நான் நல்லா இருப்பேன்."

சொல்லிவிட்டுக் கழுதையிலிருந்து கையை உருவினார். கழுதை தொய்ந்து விழுந்தது. காது மட்டும் மகளின் கையில் நின்றுவிட்டது.

"காது அறுந்துடுச்சு" என்றாள் சட்டாம்பிள்ளை. "மாமா பொய் சொல்றாரு."

வழக்கமாக இந்த இடத்தில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கத்துவார்கள். அன்றைக்கு ஒருவரும் கத்தவில்லை. அண்ணா அறுந்த காதைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. வழிவதே அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"ஆமா, பொய்தான்" என்றார். "இருக்கட்டும். நீ போயிட்டு வா."

மகள் தலையை ஆட்டினாள். அழுதுகொண்டே, காதை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டாள். யாரோ ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம், "மாமாவுக்குப் பேச வருமா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் போய், மேசைக்கு முன்னால் நின்றிருந்தவர்களின் புத்தகங்களை வாங்கிப் பதிந்தேன். என்னைத் திட்ட வாயெடுத்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

மகள் போய்விட்டாள். காதையும் கொண்டுபோய்விட்டாள். அண்ணா வேறு காது தைக்கவில்லை. வலது காதைப் பிடித்தாலும் செல்லும் என்று சட்டாம்பிள்ளை தீர்ப்பு சொல்லிவிட்டாள், அதனால் கேள்விகள் நடக்கின்றன. ஒருநாள் அதிசயம் நடந்து எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொன்னால் அதுவும் பொய்தான். அண்ணா இன்னமும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறார். டீ வேணுமா, ம். மழை வருது, ம். விரல் இன்னமும் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது, நான் போய்ப் பிரித்துவிடுகிறேன்.

அவர் கையில் போன் வைத்துக்கொள்வதில்லை. அதனால் மகள் மத்தியானத்தில் என் மேசைக்குத்தான் போன் செய்வாள். அது பழைய போன், எதிர்ப்பக்கம் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நேற்று நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைக்கும்போது மணி அடித்தது. அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"அப்பா, காது என் கையிலதான் இருக்கு. பிடிச்சுக்கிட்டுதான் கேக்கிறேன்."

அவர் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். சுவரைப் பார்த்தார். இன்னொரு ம் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"இல்லம்மா" என்றார். "சாப்பிடலை."

"ஏம்ப்பா?"

"ஒரு கேள்விதான்."

எதிர்ப்பக்கத்தில் அவள் சிரிப்பது கேட்டது, மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. வைத்துவிட்டாள். நான் என் டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். நின்றபடியே ஒரு வாய் எடுத்தார். மென்றார். விழுங்கினார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கொடுத்ததைத் தின்றுவிட்டுக் குறை வேறா, நாளைக்கு நீங்களே சமைச்சு எடுத்துக்கிட்டு வாங்க என்று நன்றாகத் திட்ட வாயைத் திறந்தேன். ம் என்றுதான் வந்தது.